கூட வந்த உப்பு

மாலை வகுப்பில் அந்தப் பெண் சோடியத்தை அடித்த அடியில் தாள் கிழிந்துவிட்டது. சமன்பாட்டின் இடப்பக்கம் இரண்டு சோடியம், வலப்பக்கம் இரண்டு சோடியம். ஸ்கேல் வைத்து இரண்டின் மேலும் ஒரு கோடு. அடுத்தது குளோரைடு, அதற்கும் அதே கோடு. மிஞ்சியது கால்சியமும் கார்பனேட்டும், ஓர் அம்புக்குறியும், அதற்கு அப்பால் சுண்ணமும். கணக்கு சரி. முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன். அப்போதுதான் கேட்டாள்: "மிஸ், அடிச்சதெல்லாம் எங்க போச்சு?"

புனேயின் கட்கி பஜாரில் ஒரு மாடியறையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வீழ்படிவுப் பாடம் எனக்கு மனப்பாடம். இந்தக் கேள்வி வந்தால், "எங்கயும் போகலைம்மா, தண்ணியிலயேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். அன்று அப்படிப் போக முடியவில்லை. கிழிந்த தாளின் ஓட்டை வழியாக அடுத்த பக்கம் தெரிந்தது. அது என்னை ஏதோ செய்தது.

பாடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்தால் தெளிந்த கரைசல். சலவை சோடாவை, அதாவது சோடியம் கார்பனேட்டை, இன்னொரு பாத்திரத்தில் கரைத்தால் அதுவும் தெளிந்த கரைசல். இரண்டையும் சேர்த்த கணத்தில் பால்போல வெளுக்கும். வெளுத்தது மெல்ல அடியில் படியும். படிந்தது சுண்ணம், கால்சியம் கார்பனேட். பாடப்புத்தகம் இதை 'இரட்டை இடப்பெயர்ச்சி' என்று சொல்லும். இரண்டு ஜோடிகள் துணையை மாற்றிக்கொண்டு, கால்சியம் கார்பனேட் ஒன்றாகவும் சோடியம் குளோரைடு இன்னொன்றாகவும் வெளியே வருவதுபோல. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மை இல்லை. தண்ணீருக்குள் அந்தச் சோடியமும் குளோரைடும் ஜோடி சேரவே இல்லை. கரைந்த நொடியிலிருந்தே ஒவ்வொரு சோடியமும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு தனியாகத்தான் அலைகிறது. கலப்பதற்கு முன் எப்படி இருந்ததோ, கலந்த பின்னும் அப்படியே.

ஆகவே அவற்றைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. எது கரையும், எது கரையாது என்று தெரிந்திருக்க வேண்டும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் பொதுவாகக் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாமே கரையும். வெள்ளியோடு சேர்ந்த குளோரைடு கரையாது. பேரியத்தோடும் ஈயத்தோடும் சேர்ந்த சல்பேட் கரையாது. கார்பனேட் பெரும்பாலும் கரையாது. கரைந்ததைப் பிரித்து எழுது. படிந்ததைச் சேர்த்தே வை. பிறகு இரண்டு பக்கமும் ஒரே உருவில் நிற்பதை அடித்துவிடு. 'ஒரே உருவில்' என்ற சொல்லில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். கால்சியமும் இரண்டு பக்கமும் இருக்கிறதே என்று அதையும் அடித்துவிடுவார்கள். இந்தப் பக்கம் அது தண்ணீரில் அலைகிறது, அந்தப் பக்கம் கல்லாகிவிட்டது. அதை அடிக்கக் கூடாது.

இப்படி அடிபடுவனவற்றுக்குப் புத்தகத்தில் 'பார்வையாளர் அயனிகள்' என்று பெயர். இந்தப் பெயர் மீதுதான் எனக்கு வருத்தம்.

பார்வையாளர் என்றதும் கட்கிக்காரர்களுக்கு நினைவு வருகிறவர் ஒருவர் உண்டு. 1817 நவம்பர் 5ஆம் நாள் இங்கே ஒரு சண்டை நடந்தது. மராட்டிய ஆட்சித் தலைவரான பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படைக்குத் தலைமை பாபு கோகலே. எதிரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறிய படை, தலைமை கர்னல் பர். முளா, முட்டா ஆறுகள் கூடும் சங்கமத்திலிருந்த தன் வீட்டை விட்டு கம்பெனியின் ரெசிடென்ட் எல்ஃபின்ஸ்டன் ஆற்றைக் கடந்து கட்கி முகாமுக்கு வந்துவிட்டார். அவர் புத்தகங்களோடும் காகிதங்களோடும் அந்த வீடு எரிந்தது. பேஷ்வா போர்க்களத்துக்கு வரவில்லை. தெற்கே பர்வதி குன்றின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் அங்கே போனால், இந்தச் சாளரத்தின் வழியாகத்தான் பார்த்தார் என்று ஓரிடத்தைக் காட்டுவார்கள். மராட்டியக் குதிரைப்படை பாய்ந்து வந்தது. ஆனால் கம்பெனி அணிவகுப்புக்கு முன்னால் ஒரு சதுப்பு நிலம் கிடந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. குதிரைகள் அதில் கால் புதைந்து தடுமாறின. தாக்குதலின் வேகம் அங்கேயே உடைந்தது. கம்பெனிப் பக்கம் செத்தவரும் காயம்பட்டவருமாக 86 பேர். மராட்டியப் பக்கம் சுமார் 500.

அந்தச் சதுப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். சமன்பாட்டில் கால்சியம் எழுதுகிறோம், கார்பனேட் எழுதுகிறோம். எல்லாவற்றையும் பிரித்து வைத்த தண்ணீரை அம்புக்குறியின் எந்தப் பக்கமும் எழுதுவதில்லை. அது இல்லாவிட்டால் சோடாத் தூளையும் கால்சியம் குளோரைடுத் தூளையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கினாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் நடந்துவிடாது.

ஆனால் நான் சொல்ல வந்தது பேஷ்வாவைப் பற்றி. குன்றின் மேல் நின்று பார்த்தவர், கீழே நடந்ததற்குப் பிறகு அப்படியே இருக்கவில்லை. சில நாளில் புனேயை விட்டு ஓடினார். 1818 ஜூனில் கம்பெனி அதிகாரி ஜான் மால்கமிடம் சரணடைந்தார். ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தோடு கான்பூர் பக்கத்தில் பிட்டூருக்கு அனுப்பப்பட்டு 1851 வரை அங்கே வாழ்ந்தார். சோடியம் இவரைப் போன்றது அல்ல. சோடியம் தூரத்துக் குன்றில் நிற்பதில்லை. கால்சியமும் கார்பனேட்டும் முட்டிக்கொள்ளும் அதே இடத்தில், அதே நெரிசலில், அவற்றின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது. சண்டை முடிந்த பிறகும் மாறாமல் இருக்கிறது. ஆகவே அந்தக் களத்தில் அதற்கு ஒப்பான ஆளைத் தேடினால் பேஷ்வாவைக் காட்ட முடியாது. பீரங்கியை இழுத்து வந்த மாட்டுக்காரனைக் காட்டலாம். தோலில் தண்ணீர் சுமந்த பிஸ்தியைக் காட்டலாம். அவர்கள் யாரையும் சுடவில்லை. 86லும் 500லும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு பீரங்கிகூட அந்த இடத்துக்கு வந்திருக்காது.

இது வெறும் உவமைக்காகச் சொல்வதல்ல. வேதியியலிலேயே இருக்கிற உண்மை. கடைக்குப் போய், "எனக்குக் கால்சியம் அயனி மட்டும் ஒரு கிராம் கொடுங்கள்" என்று யாரும் வாங்க முடியாது. ஒரு கிராம் கால்சியம் அயனியை எதிர் மின்சுமை இல்லாமல் தனியாகக் குவித்தால், அதில் சுமார் 4,800 கூலூம் மின்சுமை இருக்கும். வானத்திலிருந்து இறங்கும் ஒரு சாதாரண மின்னல் கொண்டுவருவது பத்து இருபது கூலூம்தான். ஒரு தேக்கரண்டியில் நூற்றுக்கணக்கான மின்னல்! எந்தப் புட்டியும் அதைத் தாங்காது. குளோரைடு கூட வருவதால்தான் கால்சியத்தைப் புட்டியில் அடைத்து, பஸ்ஸில் கொண்டுவந்து, அலமாரியில் வைத்து, ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் கையில் நம்பிக் கொடுக்க முடிகிறது. கார்பனேட்டுக்குச் சோடியம் செய்வதும் இதேதான். கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கொண்டுவந்தவை ஒதுங்கிக்கொள்கின்றன. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனைப் பார்வையாளர் என்று யாராவது சொல்வார்களா?

1834இல் மைக்கேல் ஃபாரடே 'அயான்' என்ற சொல்லைக் கிரேக்கத்திலிருந்து எடுத்தார். 'போவது' என்று பொருள். நல்ல சொல். அதை எல்லா அயனிக்கும் சமமாகவே வைத்தார். 'பார்வையாளர்' என்ற பட்டம் பிற்பாடு கரும்பலகையில் ஒட்டிக்கொண்டது. என் வகுப்பில் நான் இப்போது 'கூட வந்த அயனி' என்றுதான் சொல்கிறேன். தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி எழுதச் சொல்லிவிடுகிறேன், மதிப்பெண் போய்விடக் கூடாது.

என் அப்பா இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1869இல் தொடங்கிய தொழிற்சாலை அது. கட்கி என்ற ஊர் இன்று இப்படி இருப்பதற்குப் பெரிய காரணம் அதுதான். காலையில் போங்கா, அதாவது ஆலைச் சங்கு, ஊதினால் எங்கள் தெருவில் சைக்கிள்கள் ஒரே திசையில் நகரும். அப்பா தோட்டா செய்தவர் அல்ல. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெட்டிகளை நகர்த்தும் வேலை. ஊரிலிருந்து, வட ஆர்க்காட்டிலிருந்து, யாராவது வந்து, "ஃபேக்டரியில என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மா பெட்டி தூக்கறவன்தாம்பா" என்பார். அந்தச் 'சும்மா'வைக் கேட்டு அம்மாவுக்குக் கோபம் வரும். "அந்தச் சும்மாவுலதான் இந்த வூடு நிக்குது" என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள்.

அம்மாவுக்கு வேதியியல் தெரியாது என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்வெல் தண்ணீரில் துவைக்க வேண்டி வரும். தக்காணத்துக் கருங்கல் பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் அதில் தாராளம். சோப்பு போட்டால் நுரைக்காது, துணியில் பிசுக்குப் பிசுக்காக ஒட்டும். அம்மா வாளியில் ஒரு கைப்பிடி துணி சோடாவைப் போட்டுக் கிளறிவிட்டு, "கொஞ்ச நேரம் கிடக்கட்டும், ஊறட்டும்" என்று அடுப்பு வேலைக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது வாளி அடியில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். மேல் தண்ணீரை மெல்லச் சாய்த்து இன்னொரு வாளியில் ஊற்றிக்கொள்வாள். அதில் அப்பாவின் காக்கிச் சட்டைக்குச் சோப்பு போட்டால் நுரை பொங்கும். அந்த வெள்ளை மாவில் பெரும்பகுதி சுண்ணம்தான். என் மாணவி நோட்டில் எழுதிய அதே வினை எங்கள் வாசலில் வாரத்துக்கு இரண்டு முறை நடந்தது. அம்மாவுக்கு வேண்டியதோ படிந்தது அல்ல, படியாமல் மேலே நின்ற தண்ணீர். கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து நின்ற தண்ணீர். புத்தகம் எதை வைத்துக்கொள்கிறதோ அதை அம்மா சாக்கடையில் கொட்டினாள். புத்தகம் எதை அடிக்கிறதோ அதில்தான் எங்கள் துணி வெளுத்தது.

அடிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அடிக்காமல் வேதியியல் செய்ய முடியாது. 'இங்கே எது படிந்தது, ஏன்?' என்ற ஒரு கேள்விக்குச் சோடியமும் குளோரைடும் விடை அல்ல. ஆகவே அந்தக் கேள்வி முன்னால் இருக்கும்வரை அவற்றை ஒதுக்கலாம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தை வைத்தாலும், குளோரைடுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்தாலும் அதே சுண்ணம்தான் படியும் என்ற பெரிய உண்மை அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் தெரிகிறது. கோடு போடுவது அந்தக் கேள்விக்கு மட்டும் என்பதைத்தான் நாங்கள் ஆசிரியர்கள் சொல்ல மறந்துவிடுகிறோம்.

கல்லூரியில் ஒரு பேராசிரியர் காட்டிய சோதனை ஒன்று இன்றும் கண்ணில் நிற்கிறது. பீக்கரில் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசல், அதில் இரண்டு மின்முனைகள், அவற்றோடு ஒரு பல்பு. பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பேரியமும் சல்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிய, ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தண்ணீராக, பல்பு மங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அணைந்தே போனது. ஆய்வகம் முழுக்க அமைதி. அந்த வினையில் கூட வந்த அயனி என்று ஒன்றுமே கிடையாது. ஒரு ஜோடி முழுக்கப் படிந்துவிட்டது, இன்னொரு ஜோடி முழுக்கத் தண்ணீராக இணைந்துவிட்டது. மின்சாரத்தைச் சுமக்க யாரும் மிஞ்சவில்லை. அமிலம் இன்னும் இரண்டு சொட்டுக் கூடியதும் பல்பு மறுபடி எரிந்தது. என் மாணவியின் சுண்ணத்தில் அதே பல்பைப் போட்டால் அணையாது. சுண்ணம் படிந்து முடிந்த பிறகும் அது எரியும். எரிய வைப்பது அந்தக் கோடு போட்ட இரண்டும்தான்.

முளா ஆற்றங்கரையில், ஹோல்கர் பாலத்துக்குப் பக்கத்தில், கட்கி போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஒருமுறை கூட்டிப்போனேன், வேதியியலுக்காக அல்ல, பரீட்சை முடிந்த களைப்புக்கு. இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,668 பேருக்கு அங்கே கல் இருக்கிறது. மேற்கு இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் ஆங்காங்கே புதைந்திருந்தவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதே தோட்டத்தில் முதல் உலகப் போருக்கு ஒரு நினைவிடம், 1,800க்கும் மேற்பட்ட பெயர்கள். இவர்கள் 1914க்கும் 1918க்கும் இடையில் இந்தியாவிலேயே இறந்தவர்கள். பல கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனதால் பெயர்களை இங்கே பொறித்தார்கள். அவர்களில் 629 பேரின் எச்சங்கள் 1962இல் மும்பை சிவ்ரியிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டன. போர் வரலாறு எழுதுகிறவர் பிரான்சையும் மெசபடோமியாவையும் எழுதுவார். கன்டோன்மென்டில் காவல் நின்றவன் அந்தச் சமன்பாட்டில் அடிபடுவான். ஆனால் அந்தக் கல்லின் முன் நிற்கும்போது கேள்வியே வேறு. யார் யார் இருந்தார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. என்னோடு வந்த பையன்களில் ஒருவன் கல்லில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனான். நான் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். எங்கே போச்சு என்று கேட்டவளிடம், "வா, பார்த்துடலாம்" என்றேன். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல ஒரு சின்ன மின்தராசு என்னிடம் உண்டு. நீரேறிய கால்சியம் குளோரைடு 14.7 கிராம். ஈரமில்லாத சோடியம் கார்பனேட் 10.6 கிராம். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகக் கணக்குத் தீரும் அளவு. ஒவ்வொன்றையும் 100 மில்லி வடிநீரில் அவளே கரைத்தாள். கால்சியம் குளோரைடு கரையும்போது பீக்கர் சூடேறியது. கையை வைத்து, "சுடுது மிஸ்!" என்றாள். மழைக்காலத்தில் புனே வீடுகளில் அலமாரிக்குள் ஈரத்தை இழுக்க ஒரு டப்பா வைப்பார்களே, அதற்குள் இருப்பதும் இதுதான் என்றேன். இரண்டையும் சேர்த்தாள். வெளுத்தது. வடிதாளை மடித்துப் புனலில் வைத்து ஊற்றினோம். சொட்டுச் சொட்டாக இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மேலே தங்கியது மாவு. கீழே இறங்கியது கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

"இதுல ஒண்ணும் இல்ல மிஸ்" என்றாள்.

அந்த 'ஒண்ணும் இல்லை'யைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சின்னத் தீயில் வைத்தோம். தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தோம். விளிம்பில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு மேற்பரப்பில் மிதக்கும் சிறு சதுரங்கள். கடைசியில் வெடித்துத் தெறிக்காதபடி தீயை வெகுவாகக் குறைத்துவிட்டு, உலரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கைவில்லையில் பார்த்தால் ஒவ்வொன்றும் மூலை மழுங்காத குட்டிக் கனசதுரம்.

"உப்பு!" என்றாள். பிறகு, "நக்கிப் பாக்கட்டுமா?"

"ஆய்வகத்துல எதையும் நாக்குல வைக்கக் கூடாது, கண்ணு." உப்பேதான் என்று எனக்குத் தெரிந்தும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சுண்ணம் 10.0 கிராம் வர வேண்டும். உப்பு 11.7 கிராம் வர வேண்டும். அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். நோட்டில் அவள் அடித்துத் தள்ளியது, வைத்துக்கொண்டதைவிட எடை கூடுதல்.

இந்த உப்பையும் சுண்ணத்தையும் பற்றி ஒரு கதை உண்டு, அதையும் அன்று சொன்னேன். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது கூடப் போன அறிஞர்களில் குளோது பெர்த்தொலே ஒருவர். அங்கே நேத்ரான் ஏரிகளின் கரையில் சோடா படிந்து கிடப்பதைப் பார்த்தார். கரையில் சுண்ணாம்புப் பாறை, ஏரியில் உப்பு. அன்றைய வேதியியல்படி சோடாவும் கால்சியம் குளோரைடும் சேர்ந்தால் உப்பும் சுண்ணமும் வரும். எதிர்த்திசையில் நடக்க வழியில்லை. இங்கே அது எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. உப்பு அவ்வளவு மிகுந்து கிடந்ததாலும், உருவான சோடா கரையில் பூத்து விலகிக்கொண்டே இருந்ததாலும் வினை திரும்பிவிட்டது என்று அவர் கண்டார். வினையில் எது எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம் என்ற எண்ணம் அங்கிருந்து வேர்விட்டது. 1803இல் வந்த அவருடைய நூலுக்கு அந்த ஏரிக்கரையும் ஒரு மூலம். நம் பீக்கரில் கோடு போட்டு ஒதுக்கிய சோடியம், அந்த ஏரிக்கரையில் வெள்ளையாகப் படிந்து நின்றது. அங்கே அதை அடிக்க முடியாது. அங்கே கரைந்து மண்ணுக்குள் இறங்கிப்போன கால்சியத்தைத்தான் கரையில் தேட வேண்டும்.

இரவு ஒன்பதாகிவிட்டது. அவளுடைய அண்ணன் கூட்டிப்போக வந்துவிட்டான். வடிதாளில் இருந்த சுண்ணத்தை உலர வைத்துவிட்டு, "நாளைக்கு நிறுக்கலாம்" என்று அனுப்பினேன்.

மறுநாள் பள்ளிச் சீருடையோடேயே வந்துவிட்டாள். உப்பை நிறுத்தாள். 10.8 கிராம். வர வேண்டியதைவிட 0.9 குறைவு. முகம் வாடிவிட்டது. சுண்ணத்தை நிறுத்தாள். 10.8. வர வேண்டியதைவிட 0.8 கூடுதல். இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். கீழே பஜாரில் ஒரு பாங்கோசை எழுந்து அடங்கியது.

"மிஸ், அது சுண்ணத்துக்குள்ளயே இருக்கு."

"எது?"

"அடிச்சது."

படியும்போது சுண்ணம் தன் இடுக்குகளில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரோடு உப்பும் தங்கிவிடும். உலர்ந்ததும் அது பொடியோடு பொடியாக ஒட்டிக்கொள்ளும். கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டும் வெள்ளை. வீழ்படிவை எடைபோட்டு அளக்கும் பகுப்பாய்வு வேலையில் பாதிப் பாடு இதற்காகத்தான். படிய வைப்பது கொஞ்ச நேர வேலை. கழுவுவதுதான் நாள் முழுக்க. கழுவி முடிந்ததா என்று சுண்ணத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கழுவிய தண்ணீரைத்தான் கேட்க வேண்டும்.

பொடியை மறுபடி வடிதாளில் போட்டுக் குளிர்ந்த வடிநீர் விட்டாள். இறங்கிய முதல் சொட்டுகளை ஒரு சோதனைக்குழாயில் பிடித்தோம். அதில் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, கார்பனேட் இருந்தால் அது குழப்பாமல் இருக்க. பிறகு வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு. பால் திரிவதுபோலக் கட்டியாக வெள்ளை. இரண்டாம் கழுவலில் வெள்ளைப் புகை. மூன்றாவதில் விளக்குக்கு எதிரே பிடித்தால் மட்டும் தெரியும் ஒரு மங்கல். நடுவில் அவளை இந்த வினைக்கும் சமன்பாடு எழுதச் சொன்னேன். வெள்ளி, நைட்ரேட், சோடியம், குளோரைடு என்று நான்கையும் பிரித்து எழுதினாள். நேற்று அடித்த குளோரைடு இன்று அம்புக்குறியைத் தாண்டி வெள்ளியோடு கல்லாகி நின்றது. சோடியம் இன்றும் கூட வந்தது, கூடவே நைட்ரேட்டும். பேனா அந்த இரண்டின் மேலும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஸ்கேல் இல்லாமல், கீழே இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி மெல்லிசாக ஒரு கோடு.

ஐந்தாம் கழுவலில் வெள்ளி நைட்ரேட் விட்ட பிறகும் தண்ணீர் தெளிவாகவே நின்றது. சுண்ணத்தை உலர்த்தி நிறுத்தோம், 9.9 கிராம். வெள்ளி நைட்ரேட் எப்போது பட்டதோ தெரியவில்லை, அடுத்த நாள் அவள் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. சோப்பு போட்டும் போகவில்லையாம். வகுப்பு முழுக்க விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.